கொக்கி அடிக்கும் பக்கம்

பல் டாக்டர் சிரில் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனார்,
செய்தித்தாளில் சுற்றி, சணலில் கட்டி.
வெலிங்டனில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது
கட்டிலோடும் கணப்போடும் சேர்த்து விலைபேசியது.
"வெயிட்டிங் ரூம் சுவத்துல ஈரம் பூத்திருக்கு,
மூணுக்கு மூணு. மறைக்கணும்.
வெள்ளிக்கிழமை வேணும்."

பிரித்தேன்.
சாம்பல். சாம்பலுக்குள் இன்னொரு சாம்பல்.
ஓர் ஓரத்தில் துருநிறத்தில் ஒரே ஒரு கோடு,
நடுவுக்கு வரும்முன் மனம் மாறித் திரும்பிவிடுகிறது.
கையெழுத்து இல்லை. பின்னால் தேதி இல்லை.

குன்னூர் பெட்ஃபோர்டில், மருந்துக்கடை மாடியில்
இருபத்திரண்டு வருஷமாகச் சட்டம் போடுகிறேன்.
கல்யாணப் படம், பட்டம் வாங்கிய படம்,
மாலை போடவேண்டிய படம்,
இயேசு, முருகன், ஹெத்தையம்மன்.
எல்லோருக்கும் தலை இருந்தது.
தலை இருக்கும் பக்கம் கொக்கி.
ஓவியம் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கோட்டைக் கீழே வைத்தேன்.
சாம்பல் முழுக்க வானம் ஆயிற்று,
கோடு, மழை விட்டபின் ஒரு மண்பாதை.
தலைகீழாக்கினேன்.
அதே கோடு அறுந்த கம்பியாகத் தொங்கியது.
அத்தனை சாம்பலும் அடியில் போய் உட்கார்ந்துகொள்ள
சட்டென்று நாலு கிலோ கூடிவிட்டது படம்.
பெயிண்ட் அதே பெயிண்ட்தான்.
கனம் துணியில் இல்லை போல,
நிற்கிற என் காலிலிருந்து ஏறுகிறது.

கூடலூர்ப் பையன் ஷிபு பக்கவாட்டில் திருப்பினான்.
"அக்கா, இது பர்லியார் ஹேர்பின்.
லாரியோட வெளிச்சம் மட்டும் தெரியுது பாருங்க."
"லாரி எங்கடா?"
"அதான் இன்னும் வரலையே."
டீ ஆறியது.
நான் லாரிக்காகக் காத்திருந்தேன்.

பனிமூட்டம் என்று சொல்லிவிடலாம்.
மலையில் இருப்பவர்கள்
தெரியாத எதற்கும் அதைச் சொல்லிவிடுவோம்.
சொன்னதும் பார்ப்பது நின்றுவிடும்.

அதனால் சொல்லாமல்
அட்டைத் துண்டால் கோட்டை மறைத்துப் பார்த்தேன்.
டாக்டரின் ஈரச்சுவர்.
அட்டையை எடுத்தேன். மூச்சு வந்தது.
வெண்ணெய் நிற மவுன்டைப் பக்கத்தில் வைத்தால்
சாம்பல் நீலமாகிக் குளிர்ந்தது,
பச்சையை வைத்தால் லேசாக வெட்கப்பட்டது.
இத்தனை வருஷம் வாடிக்கையாளரிடம்
"இந்தக் கலர் எடுப்பா இருக்கும்" என்றேனே,
எடுப்பது எது, கொடுப்பது எது என்று
ஒருநாளும் பார்த்ததில்லை.

வியாழன் இரவு கரண்ட் இல்லை.
டார்ச்சைப் படத்தின் தோளோடு சாய்த்துப் பிடித்தபோது
விளிம்பில் ஒரு சொட்டு, வழிந்து காய்ந்திருந்தது.
வழிந்த திசை கீழ். அவ்வளவுதான், முடிந்தது.
கொக்கியைக் கையில் எடுத்துவிட்டேன்.
அந்தப் பக்கமாக நிறுத்தினால்
பாதையும் இல்லை, கம்பியும் இல்லை.
கோடு வெறும் கோடாக இருந்தது.
எனக்குக் கோபம்கூட வந்தது.

அப்புறம் இன்னொரு விளிம்பில் இன்னொரு சொட்டு,
வேறு திசையில்.
அதன்மேல் சாம்பல் பூசி, பூசியதிலும் ஒரு சொட்டு.
யாரோ ஒருத்தர், எந்த வருஷமோ,
என்னைப் போலவே இதைத் திருப்பித் திருப்பி வைத்து
விரலெல்லாம் பெயிண்டோடு
விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நாலு பக்கமும் கொக்கி அடித்தேன்.
ஒன்றுக்குத்தான் காசு வாங்கினேன்.
"எது மேல் பக்கம்?" என்றார் டாக்டர்.
"உங்க ஈரம் எப்படிப் பரவுதுன்னு பாத்து மாட்டுங்க" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

போன வாரம் கடைவாய்ப்பல்லோடு போய் உட்கார்ந்தேன்.
எதிரே ஒரு பெண், வலது கன்னம் வீங்கி,
தலையை அந்தப் பக்கமே சாய்த்துத் தாங்கியபடி
படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவளுக்கு அது வேறு படம்.
என்ன தெரிகிறது என்று கேட்க வாய் வந்தது,
வாய் திறக்க முடியவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள்.
அவள் எழவில்லை, "ஒரு நிமிஷம்" என்று கையைக் காட்டினாள்.
லாரி வருகிறதோ என்னவோ.